யாரும் தொடவில்லை... ஆனாலும் விழுந்தார்!

சாயங்காலம் ஐந்து மணி. புதுச்சேரியில், உப்பளம் பக்கம் ஒரு மைதானம். இந்தப் பக்கம் இரண்டு செருப்பு, அந்தப் பக்கம் இரண்டு செருப்பு. கோல் போஸ்ட் ரெடி! ஆட்டம் சூடு பிடித்துவிட்டது. உங்கள் நண்பன் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடுகிறான். பந்தை வைத்திருக்கும் எதிர் அணிப் பையன் சட்டென்று வலது பக்கம் திரும்புகிறான். உங்கள் நண்பனும் அதே வேகத்தில் திரும்பப் பார்க்கிறான். அவ்வளவுதான்! "அம்மா!" என்று முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான்.

உடனே என்ன நடக்கும்? பஞ்சாயத்துதான்!

"நீதானடா தள்ளிவிட்டே?"

"சத்தியமா நான் தொடவே இல்லைடா!"

"தொடாம அவன் எப்படிடா விழுவான்?"

நல்ல கேள்வி! தொடாமல் எப்படி விழ முடியும்? இந்தக் கேள்வியை இன்று உலகத்தின் பெரிய பெரிய கால்பந்து கிளப்புகளும் டாக்டர்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கோடி கோடியாகச் சம்பளம் வாங்கும் வீரர்கள்கூட, யாரும் இடிக்காமலே முழங்கால் தசைநார் கிழிந்து, மாதக்கணக்கில் ஆட முடியாமல் போகிறார்கள். இதற்கு என்ன காரணம்? தடுக்க வழி உண்டா? வாங்க, அலசிப் பார்ப்போம்.

ஒரு தாவல்... போச்சு உலகக் கோப்பை!

பிரான்ஸ் அணி ஆடினால் நம் ஊரில் ராத்திரி முழுக்க விழித்திருந்து டி.வி. பார்ப்பவர்கள் உண்டு. அதனால் ஒரு பிரெஞ்சு வீரரின் கதையிலிருந்தே தொடங்குவோம். அவர் பெயர் ராபர்ட் பிரேஸ். 2002-ம் ஆண்டு மார்ச் 23. இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையில் அர்செனல் அணிக்காக ஆடுகிறார். எதிரணி நியூகாசில். ஆட்டத்தின் முதல் கோலை அடித்தவரும் அவர்தான்!

கொஞ்ச நேரத்தில் நியூகாசில் வீரர் ஒருவர் பந்தைப் பறிக்கத் தரையில் சறுக்கிக்கொண்டு வந்தார். பிரேஸ் என்ன செய்தார்? அவரைத் தாண்டிக் குதித்தார். தாவியது சரி, இறங்கியதுதான் கோணல். வலது முழங்காலின் தசைநார் கிழிந்துவிட்டது.

அந்த ஆண்டு கோடையில் உலகக் கோப்பை. நடப்புச் சாம்பியன் பிரான்ஸ். பிரேஸ் போக முடியவில்லை. பிரான்ஸ் மூன்று ஆட்டங்கள் ஆடி, ஒரு கோல்கூடப் போடாமல் முதல் சுற்றிலேயே வீடு திரும்பியது! 'பிரேஸ் இல்லாததால்தான் தோற்றது' என்று சொல்லிவிட முடியாது. ஏனென்றால் ஜிடேனும் தொடைக் காயத்தால் முதல் இரண்டு ஆட்டங்களில் ஆடவில்லை. ஆனால், ஒரு சிறு தாவல் ஒரு வீரரின் உலகக் கோப்பையையே பறித்துக்கொண்டது நிஜம்.

நம் வீரர்களுக்கும் உண்டா?

ஓ, உண்டே! கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஆஷிக் குருணியன், இந்திய அணியின் வேகமான ஆட்டக்காரர். 2023 செப்டம்பரில் தாய்லாந்தில் நடந்த கிங்ஸ் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடியபோது அவருக்கும் இதே தசைநார் காயம். மோகன் பகான் அணியின் அந்த சீசன் அவருக்குப் போயே போச்சு. 2024 ஜனவரியில் கத்தார் நாட்டில் நடந்த ஆசியக் கோப்பைக்கும் அவரால் போக முடியவில்லை. இந்தியா அங்கே ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா மூன்றிடமும் தோற்றது. போட்ட கோல்? பூஜ்யம்!

சென்னை வியாசர்பாடியைச் சேர்ந்த தனபால் கணேஷைத் தெரியுமா? 2018 மார்ச்சில் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற சென்னையின் எஃப்.சி. அணியில் நடுக்களத்தில் ஆடியவர். அடுத்த ஐ.எஸ்.எல். சீசனை முழங்கால் காயம் அவரிடமிருந்து பறித்துக்கொண்டது. ஐரோப்பாவில் தொழில்முறை ஒப்பந்தம் பெற்ற முதல் இந்தியப் பெண் கால்பந்து வீராங்கனை மணிப்பூரின் பாலா தேவி. அவரும் முழங்கால் காயத்தால், 2022-ல் நம் நாட்டிலேயே நடந்த மகளிர் ஆசியக் கோப்பையில் ஆட முடியாமல் போனது.

ஆக, இது எங்கோ இருக்கும் பணக்கார வீரர்களின் கதை மட்டும் இல்லை.

வீடியோ சொல்லும் உண்மை

'காயம்பட்டார்' என்றதும் நமக்கு என்ன தோன்றும்? 'யாரோ உதைத்திருப்பார்கள்' என்றுதானே? இத்தாலியில் ஆராய்ச்சியாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். அந்நாட்டின் முதல் இரண்டு லீக்குகளில், 10 சீசன்களில், இந்தத் தசைநார் கிழிந்த வீரர்களின் வீடியோக்களைத் தேடி எடுத்தார்கள். 134 வீடியோக்கள் கிடைத்தன. ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். 2020-ல் முடிவு வெளியானது.

முழங்காலிலேயே நேராக அடிபட்டவர்கள் 16 பேர்தான். தோளிலோ இடுப்பிலோ லேசாக இடிபட்டு, நிலை தடுமாறியதில் முழங்கால் கிழிந்தவர்கள் 59 பேர். யாருமே தொடாமல் கிழிந்தவர்கள் இன்னொரு 59 பேர்!

கணக்குப் போடுங்கள். 134-ல் 118 பேருக்கு முழங்காலில் யாரும் அடிக்கவே இல்லை. நூற்றுக்கு 88 பேர்!

இன்னொரு ஆச்சரியம். பந்தை வைத்துக்கொண்டு வித்தை காட்டும்போதுதான் அதிகம் கிழியும் என்று நினைப்போம். இல்லை! எதிராளியிடமிருந்து பந்தைப் பறிக்க ஓடிப்போய், சட்டென்று நின்று திசை மாறும்போதுதான் அதிகம். உப்பளம் மைதானத்தில் நம் நண்பன் செய்தானே, அதேதான்! தலையால் முட்டிவிட்டுத் தரையில் இறங்குவதும், பந்தை உதைத்த பிறகு தடுமாறி நிற்பதும் வேறு சில காரணங்கள்.

முட்டிக்குள்ளே ஒரு கயிறு

இப்போது முழங்காலுக்குள் எட்டிப் பார்ப்போம். மேலே தொடை எலும்பு. கீழே கால் எலும்பு. இரண்டும் சேரும் இடம்தான் முழங்கால். கதவுக்குக் கீல் மாதிரி. எலும்பையும் எலும்பையும் கட்டி வைத்திருக்கும் வலுவான நாருக்குப் பெயர் தசைநார். முழங்காலின் நடுவே இரண்டு தசைநார்கள் பெருக்கல் குறி போல ஒன்றையொன்று குறுக்கே தாண்டிப் போகும். அதனால் அவற்றுக்குச் சிலுவைத் தசைநார்கள் என்று பெயர். முன்னால் இருப்பதைத்தான் டாக்டர்கள் ஏ.சி.எல். என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

நீளம் சுமார் 3 சென்டிமீட்டர்தான். உங்கள் சுண்டுவிரலில் பாதி! ஆனால் வேலை பெரியது. கீழ்க்கால் எலும்பு முன்பக்கமாக வழுக்கிப் போகாமலும், அதிகமாகத் திருகிக்கொள்ளாமலும் இழுத்துப் பிடிப்பது இதுதான். இளைஞர்களின் ஏ.சி.எல். சுமார் 200 கிலோ எடைக்குச் சமமான இழுப்பைத் தாங்கும் என்று சோதனைகள் காட்டுகின்றன. நான்கு மூட்டை சிமென்ட்!

இவ்வளவு பலமான கயிறு எப்படி அறுகிறது? ஓடுகிற வேகத்தில் பாதம் தரையில் ஊன்றிவிடுகிறது. ஷூவின் அடியில் இருக்கும் முள் புல்லைக் கவ்விக்கொள்கிறது. முழங்கால் மடங்காமல் கிட்டத்தட்ட நேராக நிற்கிறது. உடம்பு மட்டும் வேறு பக்கம் திரும்புகிறது. முட்டி உள்பக்கமாகச் சாய்கிறது. உடம்பின் எடை, ஓடி வந்த வேகம், திருகல் எல்லாம் சேர்ந்து அந்தக் குட்டிக் கயிற்றின் மேல் இறங்குகின்றன. 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டதாகப் பல வீரர்கள் சொல்வதுண்டு.

ஒரு ஸ்கேல் சோதனை

'முட்டி சாயும்போதே நேராக்கிக்கொள்ளக் கூடாதா?' என்று கேட்கிறீர்களா? சோதித்துப் பார்த்துவிடலாம். ஒரு 30 செ.மீ. ஸ்கேலை எடுங்கள். நண்பனை அதன் உச்சியைப் பிடித்துத் தொங்கவிடச் சொல்லுங்கள். கீழே பூஜ்யம் இருக்கும் இடத்தில் உங்கள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள். அவன் சொல்லாமல் கொள்ளாமல் ஸ்கேலை விட வேண்டும். நீங்கள் பிடிக்க வேண்டும்.

எந்த எண்ணில் பிடித்தீர்கள்? 15 செ.மீ. அல்லது 20 செ.மீ. பக்கத்தில் இருக்கும். 20 செ.மீ. என்றால், கண் பார்த்து, மூளை கட்டளை போட்டு, விரல் மூட 0.2 வினாடி ஆகியிருக்கிறது என்று அர்த்தம். பரவாயில்லை, நல்ல வேகம்தான்!

ஆனால் பாதம் தரையைத் தொட்ட பிறகு தசைநார் கிழிய எவ்வளவு நேரம் ஆகிறது தெரியுமா? சுமார் 0.05 வினாடிக்குள்! அந்த நேரத்தில் உங்கள் ஸ்கேல் ஒன்றேகால் செ.மீ. தூரம்கூட விழுந்திருக்காது. ஸ்கேலை ஒன்றேகால் செ.மீ.க்குள் பிடித்துப் பாருங்கள் பார்ப்போம்! உலகத்தில் யாராலும் முடியாது.

இந்தக் கட்டுரையில் நீங்கள் மறக்கக் கூடாத விஷயம் இதுதான். முட்டி சாயத் தொடங்கிய பிறகு, எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும், யோசித்துத் தடுக்க முடியாது. பாதம் தரையைத் தொடுவதற்கு முன்பே தசைகள் தயாராக இருக்க வேண்டும். அதை ஆட்டத்தின் நடுவில் கற்றுக்கொள்ள முடியாது. ஆட்டத்துக்கு முன்னால்தான் பழக்க வேண்டும். பரீட்சை ஹாலில் உட்கார்ந்து பெருக்கல் வாய்ப்பாடு படிக்க முடியுமா? அது மாதிரிதான்.

ஆட்டங்கள் கூடிவிட்டனவா?

"அளவுக்கு மீறி ஆட வைக்கிறார்கள். அதனால்தான் காயம்" என்று ஒரு குரல் இப்போது பலமாகக் கேட்கிறது. ஸ்பெயின் வீரர் ரோட்ரி, மான்செஸ்டர் சிட்டி அணியின் தூண். 2024 செப்டம்பர் 17-ம் தேதி அவர் நிருபர்களிடம், ஆட்டங்கள் அதிகமாகிவிட்டதால் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்யும் நாள் தூரத்தில் இல்லை என்ற பொருளில் பேசினார். ஐந்தே நாளில், செப்டம்பர் 22-ல், அர்செனலுக்கு எதிரான ஆட்டத்தில் அவரே முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஏ.சி.எல். கிழிந்திருந்தது. அடுத்த மாதம் உலகின் சிறந்த வீரருக்கான பாலன் டி'ஓர் விருது அவருக்குத்தான் கிடைத்தது. ஊன்றுகோலோடு வந்து வாங்கிக்கொண்டார்!

ஆட்டங்கள் கூடுவது உண்மைதான். 2022 உலகக் கோப்பையில் 32 அணிகள், 64 ஆட்டங்கள். 2026 உலகக் கோப்பைக்கு 48 அணிகள், 104 ஆட்டங்கள். கிளப்புகளுக்கான உலகக் கோப்பையும் 2025-ல் 32 அணிகளோடு பெரிதாக்கப்பட்டது. ஓய்வு குறைந்தால் உடம்பு கெடும். வீரர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். களைப்பு மட்டும்தான் காரணம் என்றால், ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில்தானே அதிகம் கிழிய வேண்டும்? அந்த இத்தாலி வீடியோக்களில், முதல் பாதியில்தான் அதிகம் கிழிந்திருந்தது! ஆக, களைப்பு ஒரு காரணமாக இருக்கலாம். எல்லாமே அது இல்லை. கால் எப்படி ஊன்றுகிறது, எப்படி இறங்குகிறது என்பதும் முக்கியம். ஆட்டங்களின் எண்ணிக்கையைக் குறைப்பது ஃபிஃபாவின் கையில் இருக்கிறது. காலை ஊன்றும் பழக்கம் நம் கையில்... இல்லை, நம் காலில் இருக்கிறது!

அக்கா, தங்கைகள் கவனிக்கவும்!

ஜூலை 14 என்றால் நம் ஊரில் என்ன விசேஷம்? பிரெஞ்சு தேசிய தினம்! கடற்கரைச் சாலையில் போர் நினைவுச் சின்னத்துக்கு மரியாதை செய்வார்கள். 2022-ம் ஆண்டு அதே ஜூலை 14 அன்று, இங்கிலாந்தில் பெண்களுக்கான ஐரோப்பியக் கோப்பையில் பிரான்ஸும் பெல்ஜியமும் மோதின. பிரான்ஸின் நம்பிக்கை நட்சத்திரம் மேரி அன்டாய்னெட் கட்டோட்டோ. ஆட்டம் தொடங்கி 20 நிமிடம்கூட ஆகவில்லை. ஏ.சி.எல். கிழிந்து வெளியேறினார். 2023 உலகக் கோப்பையிலும் அவரால் ஆட முடியவில்லை. 2022-23 சீசனில் அர்செனல் பெண்கள் அணியில் மட்டும் நான்கு பேருக்கு இதே காயம்! அவர்களில் ஒருவர், இங்கிலாந்து அணித் தலைவி லியா வில்லியம்சன்.

கால்பந்து ஆடும் பெண்களுக்கு, ஆண்களைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகமாக இந்தக் காயம் வருகிறது. ஏன்? ஆராய்ச்சியாளர்கள் பல காரணங்களைப் பார்க்கிறார்கள். வளரும் வயதில் உடம்பு மாறும் விதம் ஒன்று. இடுப்பு, தொடைத் தசைகளை வலுவாக்கும் பயிற்சி பெண்களுக்குக் குறைவாகவே கிடைப்பது இன்னொன்று. ஆண்களின் பாதத்தை வைத்து வடிவமைத்த ஷூக்களையே பெண்களும் போட வேண்டியிருப்பது மற்றொன்று. எது எவ்வளவு காரணம் என்பதில் இன்னும் விவாதம் நடக்கிறது.

"அப்படியானால் பெண் பிள்ளைகள் ஃபுட்பால் ஆட வேண்டாம்" என்று யாராவது வீட்டில் ஆரம்பித்தால், இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்! நம் பக்கத்து ஊர் கடலூரைப் பாருங்கள். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்தான். அந்த ஊரிலிருந்து இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்குப் போனார். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராக வேலை பார்த்துக்கொண்டே நாட்டுக்காக ஆடியவர் அவர். 2025 ஜூலையில் இந்தியப் பெண்கள் அணி தாய்லாந்தை 2-1 என்று வென்று, 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. தகுதிச் சுற்றில் ஜெயித்து அந்தப் போட்டிக்குள் நுழைந்தது அதுதான் முதல் தடவை!

பெரிய கிளப் வீரருக்குக் காயம் என்றால் டாக்டர், ஆபரேஷன், பயிற்சியாளர் எல்லாம் கிளப் பார்த்துக்கொள்ளும். சம்பளமும் வரும். ஒரு சின்ன ஊர்ப் பெண்ணுக்கு? ஒரு வருடம் ஆடவில்லை என்றால் அணியில் இடம் போகலாம். விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்க வேண்டிய காலேஜ் சீட்டும் வேலையும்கூடக் கை நழுவலாம். அதனால்தான் காயம் வராமல் பார்த்துக்கொள்வது, நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னும் முக்கியமாகிறது.

வழி இருக்கிறது: வெறும் 15 நிமிடம்!

ஸ்வீடன் நாட்டில் 12 முதல் 17 வயது வரை உள்ள 4,564 பெண் பிள்ளைகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். அவர்களின் கிளப்புகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு வாரம் இரண்டு நாள், ஆட்டப் பயிற்சிக்கு முன்னால் 15 நிமிடம் முழங்காலுக்கான வார்ம்-அப் செய்தது. இன்னொரு பிரிவு வழக்கம்போல் ஆடியது. ஒரு சீசன் முடிந்ததும் பார்த்தால், வார்ம்-அப் செய்த பிரிவில் ஏ.சி.எல். காயம் 64 சதவீதம் குறைவு! 2012-ல் இந்த முடிவு வெளியானது. மெஷின் இல்லை, மாத்திரை இல்லை. ஒரு பந்தும் கொஞ்சம் இடமும் போதும்.

ஃபிஃபாவும் '11+' என்ற பெயரில் 20 நிமிட வார்ம்-அப் ஒன்றை வைத்திருக்கிறது. முதலில் 8 நிமிடம் மெதுவோட்டம். அடுத்து 10 நிமிடம் வலு, சமநிலை, தாவல் பயிற்சிகள். கடைசி 2 நிமிடம் வேக ஓட்டம். சின்னப் பிள்ளைகளுக்கென்று தனி வடிவமும் உண்டு.

அந்த வகைப் பயிற்சிகளில் சில இதோ. பி.டி. சாரிடமோ மிஸ்ஸிடமோ காட்டி, அவர் முன்னால் செய்யுங்கள்.

ஒற்றைக்கால் கொக்கு: பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் 30 வினாடி நில்லுங்கள். முட்டி லேசாக மடங்கியிருக்கட்டும். பழகிய பிறகு, எதிரே நிற்கும் நண்பனுக்குப் பந்தைத் தூக்கிப் போட்டுப் பிடியுங்கள். பிறகு கால் மாற்றுங்கள்.

அரை நாற்காலி: நாற்காலியில் உட்காரப் போவது போல மெதுவாகக் கீழே போய் எழுந்திருங்கள். வீட்டில் கண்ணாடி முன்னால் செய்து பாருங்கள். முட்டி, பாதத்துக்கு நேர் மேலே இருக்க வேண்டும். இரண்டு முட்டியும் ஒன்றையொன்று முத்தமிடப் போனால் தவறு!

பூனை இறக்கம்: மேலே குதித்து இறங்குங்கள். 'தொம்' என்று சத்தம் வந்தால் நீங்கள் யானை. சத்தமே இல்லாமல், முட்டியையும் இடுப்பையும் மடக்கி இறங்கினால் பூனை. மதில் மேலிருந்து குதிக்கும் பூனையைக் கவனித்திருக்கிறீர்களா? அதுதான் இதற்கு வாத்தியார்!

குட்டி அடித் திருப்பம்: ஓடிவந்து திரும்பும்போது ஒரே அடியில் காலை ஊன்றித் திருகாதீர்கள். வேகத்தைக் குறைத்து, இரண்டு மூன்று சின்ன அடிகளாக வைத்துத் திரும்புங்கள்.

ஒருநாள் செய்துவிட்டு விட்டால் பலன் இல்லை. வாரத்துக்கு இரண்டு நாளாவது, மாதக்கணக்கில் செய்தால்தான், யோசிக்காமலே கால் சரியாக ஊன்றும் பழக்கம் வரும்.

நம் பி.டி. பீரியடில் என்ன நடக்கிறது? மணி அடித்ததும் பந்தை வாங்கிக்கொண்டு 'ஹோ'வென்று ஓடுகிறோம். பீரியடே 40 நிமிடம்தான். அதில் 15 நிமிடம் போய்விட்டால் ஆட்டம் குறைந்துவிடுமே என்று தோன்றும். நியாயம்தான். ஆனால் ஸ்வீடன் பிள்ளைகள் அந்த 15 நிமிடத்தைக் கொடுத்து, முழு சீசனை வாங்கிக்கொண்டார்கள். லாபமா, நஷ்டமா? நீங்களே சொல்லுங்கள்.

முட்டி வீங்கினால்...

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில சமயம் காயம் வரலாம். திரும்பும்போதோ குதித்து இறங்கும்போதோ 'டப்' என்று சத்தம் கேட்டு, சில மணி நேரத்துக்குள் முட்டி வீங்கினால் ஆட்டத்தை உடனே நிறுத்த வேண்டும். "நடந்தா சரியாயிடும்டா" என்று மறுபடியும் ஆட வைக்காதீர்கள். எண்ணெய் போட்டு உருவுவதும், காலைப் பிடித்து இழுப்பதும் கூடாது. துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, காலை உயர்த்தி வைத்து, எலும்பு மூட்டு டாக்டரிடம் போக வேண்டும். அப்பா திட்டுவாரே என்று மறைக்கக் கூடாது. உங்கள் வயதில் எலும்பின் நுனிகள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. அதனால் என்ன சிகிச்சை என்பதை டாக்டர் மிகவும் யோசித்துத்தான் முடிவு செய்வார்.

முழுதாகக் கிழிந்த ஏ.சி.எல். தோல் காயம் போலச் சுலபமாக ஆறாது. பெரிய வீரர்களுக்குப் பெரும்பாலும் ஆபரேஷன்தான். அவர்களின் உடம்பிலிருந்தே, தொடையின் பின்பக்கத்திலிருந்தோ முட்டிச்சில்லுக்குக் கீழிருந்தோ ஒரு நாரை எடுத்து, புதுக் கயிறாகப் பொருத்துவார்கள். அதன் பிறகுதான் உண்மையான சோதனை. பொறுமைச் சோதனை! நார்வே நாட்டில் செய்த ஓர் ஆய்வின்படி, ஆபரேஷனுக்குப் பிறகு 9 மாதம் வரை, ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும், முழங்காலில் மறுபடியும் காயம் வரும் ஆபத்து ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. அவசரப்பட்டவர்களுக்குத்தான் மறுபடியும் ஆபத்து.

பொறுத்தவர்களுக்கு என்ன கிடைத்தது? பிரேஸ், 2003 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் அர்செனலின் ஒரே கோலை அடித்துக் கோப்பையை வாங்கித் தந்தார். ஆஷிக் குருணியன் 2024-25 சீசனில் களத்துக்குத் திரும்பினார். அந்த சீசனில் மோகன் பகான் ஐ.எஸ்.எல். கேடயம், கோப்பை இரண்டையும் வென்றது. ஜூலை 14-ல் விழுந்த கட்டோட்டோ? இரண்டு வருடம் கழித்து, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், சொந்த மண்ணில், 5 கோல் அடித்துப் பெண்கள் கால்பந்தில் அதிக கோல் போட்டவர் ஆனார்!

சரி, உப்பளம் மைதானத்துக்குத் திரும்புவோம். உங்கள் நண்பன் இன்னும் முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறான். எதிர் அணிப் பையன் இன்னும் "நான் தொடவே இல்லை" என்று அழாக்குறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். இனி நீங்கள் என்ன சொல்வீர்கள்?

"அவன் சொல்றது நிஜமாத்தான் இருக்கும்டா. சண்டையை விடு. முதல்ல இவனை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவோம். நாளையிலிருந்து ஆட்டத்துக்கு முன்னாடி எல்லாரும் பதினஞ்சு நிமிஷம் பூனை மாதிரி குதிக்கிறோம். சரியா?"

சபாஷ்! இப்படிச் சொல்பவர்தான் உண்மையான கேப்டன்!